கப்பல் மறுபடி கிளம்புது, சரி. யாரைக் காக்க வைப்பாங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்திருந்தாங்க. எழுபதைத் தாண்டிய வயசு, பல வருஷமா சுகர், பிரஷர். சென்னையிலிருந்து கிளம்புற சொகுசுக் கப்பல்ல பேரன் எல்லாருக்கும் டிக்கெட் போடப் போறானாம். "கொரோனா நேரத்துல கப்பலுக்குள்ளயே எல்லாரையும் அடைச்சு வச்சாகளே, இப்பப் போலாமா டாக்டரு?"ன்னு கேட்டாங்க. கூடவே ஒண்ணு சொன்னாங்க: "எங்க தாத்தாவையும் கண்டிச் சீமைக்குப் போறப்ப தட்டப்பாறையில அடைச்சுப் போட்டுத்தான் கப்பலேத்துனாகளாம்."

பேரன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. ஆச்சி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில்ல போயிருந்தீங்கன்னா தட்டப்பாறை ஸ்டேஷனைக் கடந்திருப்பீங்க. அந்த ஊர்ல ஒரு காலத்துல இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் இருந்தது. ஆமா, நம்ம மண்ணுல, இலங்கை அரசாங்கத்தோட முகாம்.

கதை இதுதான். 1896ல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அடுத்த வருஷமே, 1897ல், ஆங்கிலேய அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. (2020ல் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொல்லவும் இதே சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தாங்க.) இலங்கைக்குப் பயம். ஆனா தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டு ஆள் வேணும். கதவைச் சாத்தவும் முடியாது, திறந்து போடவும் முடியாது. அதுக்குக் கண்டுபிடித்த வழிதான் தட்டப்பாறை. ரயிலில் வருகிற தோட்டத் தொழிலாளர்களை அங்கே இறக்கி, ஐந்தாறு நாள் வைத்திருந்து, காய்ச்சல் கட்டி எதுவும் வரலைன்னா தூத்துக்குடிக்கு அனுப்பி, படகில் ஏற்றி, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கொழும்புக் கப்பலுக்குக் கொண்டுபோவாங்க.

அது ஏன் ஐந்தாறு நாள்? டாக்டரா எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கிருமி உடம்புக்குள் போன நாளுக்கும் நோய் வெளியே தெரிகிற நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. பிளேக்குக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். காலராவுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள். அப்போ ஆறு நாள் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டையும் ஓரளவுக்குப் பிடித்துவிடலாம். பெரியம்மை அப்படி இல்லை, பன்னிரண்டு நாளுக்கு மேல் கூட ஆகும். அதுக்கு ஆறு நாள் காவல் பத்தாது, அதனால் அம்மை ஊசி. கணக்கு சரியாத்தான் போட்டிருக்காங்க.

சரியில்லாதது வேற.

1901லிருந்து தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுத்தாங்க, எந்தத் தோட்டத்துக்குப் போகணும்னு அதில் எண் பொறித்திருக்கும். ஆள் எங்கே இறங்கணும், செலவை யார் கணக்கில் எழுதணும் என்பதெல்லாம் அந்தத் தகரம் சொல்லும். தோட்டத்தின் கணக்கில் ஏறிய செலவு, கங்காணி வழியாகக் கடனாகத் தொழிலாளியின் தலையில் இறங்கும். அதே கொழும்புக்கு மேல்வகுப்பு டிக்கெட்டில் போகிறவருக்கு முகாம் கிடையாது. ஒரு பரிசோதனை, போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கண்காணிப்பு, அவ்வளவுதான். பிளேக் கிருமிக்கு டிக்கெட் படிக்கத் தெரியும்னு யார் சொன்னாங்களோ!

1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்பு போகிற கூட்டம் தனுஷ்கோடி வழிக்குத் திரும்பியது. மண்டபத்தில் பெரிய முகாம் வந்தது. அந்த ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் பெயர் 'மண்டபம் கேம்ப்'. பின்னால் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் தங்கியதும் அங்கேதான்.

இப்போ முக்கியமான விஷயம். இத்தனை காவலுக்கும் பிறகு பிளேக் இலங்கைக்குப் போகாமல் இருந்ததா? அதே 1914ல் கொழும்பில் நுழைந்துவிட்டது. தட்டப்பாறையில் ஆறு நாள் குந்தியிருந்த கூலியாள் கொண்டுபோகல. அரிசி மூட்டையோடு கப்பலில் போன எலியும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சியும்தான் காரணம்னு அப்போது ஆராய்ந்தவர்கள் கருதினாங்க. பிளேக்கைப் பரப்புவது எலித் தெள்ளு என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898லேயே, நம்ம துணைக்கண்டத்தில் வேலை செய்தபோதே, சொல்லிட்டார். பல வருஷம் யாரும் பெரிசா எடுத்துக்கல. மனுஷன் ஆறு நாள் காத்திருந்தான். அரிசி மூட்டை ஒரு நாளும் காத்திருக்கல.

காவல் என்ற பெயரில் வேற கணக்கும் நடக்கும். 1896 டிசம்பரில் காந்தி வந்த கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. கப்பலில் யாருக்கும் பிளேக் இல்லை. ஆனாலும் பம்பாயிலிருந்து வந்ததைக் காரணம் காட்டி 23 நாள் கரையில் இறங்க விடல. கரையில் வெள்ளையர் கூட்டம் இந்தியர்களே வரக்கூடாதுன்னு கத்திக்கிட்டிருந்தது.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்த 'டைமண்ட் பிரின்சஸ்' ஞாபகம் இருக்கா? 3,711 பேரில் 700க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னாங்க. சாப்பாட்டை யார் கொண்டுபோய்க் கொடுத்தது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். அவங்க ஒரே அறையில் பகிர்ந்து தூங்கி, ஒரே இடத்தில் சாப்பிட்டு, வேலை செய்துக்கிட்டே இருந்தாங்க. அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். தட்டப்பாறையில் ஏழையை நிறுத்தி வச்சாங்க, இங்கே ஏழையை நிறுத்தாம ஓட விட்டாங்க. ரெண்டுலயும் கிருமியோட வழியை யாரும் பார்க்கல.

2020 ஜூனில் தூத்துக்குடிக்கே கப்பல் வந்தது. கொழும்பிலும் மாலேயிலும் சிக்கியிருந்த நம்ம ஆட்களைக் கடற்படையின் 'ஜலஷ்வா' கொண்டுவந்து இறக்கியது, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 700 பேர். ஜூலை 1ல் ஈரானிலிருந்தும் வந்தது. துறைமுகத்தில் பரிசோதனை, அங்கிருந்து பஸ், அவங்கவங்க மாவட்டத்தில் தனிமை. அந்த நாட்களில் தனிமை மையத்தில் டியூட்டி பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன்: யாரும் என்னிடம் கிருமியைப் பற்றிக் கேட்கல. "இன்னிக்கு எத்தனாவது நாள் சார்?" இதைத்தான் கேட்டாங்க. தட்டப்பாறையிலும் இதைத்தான் கேட்டிருப்பாங்க.

ஆச்சிக்கு என்ன சொன்னேன்? போங்கன்னுதான் சொன்னேன். ஆனா சிலதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இப்போ கப்பலில் அதிகம் தொல்லை தருவது கொரோனாவை விட நோரோ வைரஸ். வாந்தி, வயிற்றுப்போக்கு, தொட்ட ஒன்றிரண்டு நாளில் வந்துடும். இதுக்கு சானிடைசரை நம்பாதீங்க, அது சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவணும், முக்கியமா ஆளாளுக்குக் கரண்டி பிடிக்கிற பஃபேக்கு முன்னாடி. ஃப்ளூ ஊசியைக் கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுக்கோங்க. மாத்திரைகளைப் பயண நாளை விட ஒரு வாரத்துக்குக் கூடுதலா, பெரிய பெட்டியில் போடாம கைப்பையில் வச்சுக்கோங்க. சுகர் உள்ளவங்க வயிற்றுப்போக்கு வந்தா ஓ.ஆர்.எஸ். குடிச்சுக்கிட்டே உடனே கப்பல் டாக்டரைப் பாருங்க. காய்ச்சல்னா மறைக்காதீங்க. அறையில் இருக்கச் சொன்னா இருங்க. சாப்பாடு கொண்டுவர்ற தம்பி வரும்போது மாஸ்க் போட்டுக்கோங்க.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்குப் போகும் கப்பல்னா ஊசிச் சான்றிதழ் கட்டாயம். அது இல்லாமல் அந்த நாட்டிலிருந்து நேரா இந்தியாவில் வந்து இறங்கினால், இன்றைக்கும் தனியாக வைப்பாங்க. எத்தனை நாள் வரை தெரியுமா? ஆறு.

இதைச் சொன்னதும் ஆச்சி பேரனைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியால, நான் பொய்யா சொன்னேன்?"னு கேட்டாங்க.