மேவ் அரசியின் கற்குவை

அயர்லாந்தின் மேற்கே, ஸ்லைகோ நகருக்கு அப்பால், நாக்னரே என்னும் குன்று 327 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் தட்டையான உச்சியில் சுண்ணாம்புக் கற்களாலான பெருங்குவை ஒன்று உண்டு. உயரம் ஏறத்தாழ 10 மீட்டர். குறுக்களவு 55 மீட்டருக்குக் குறையாது. இரும்பை அறியாத உழவர்கள், சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன், இறந்தோருக்காக எழுப்பியது அது. பதுக்கை என்னும் நம் பழஞ்சொல் இதற்கும் பொருந்தும்.

மக்கள் அதனை மேவ் அரசியின் கல்லறை என்கின்றனர். பகைநாடான அல்ஸ்டரை நோக்கி, போர்க்கோலத்தில் நின்றபடியே அவள் புதைக்கப்பட்டாளாம்! ஆநிரை கவரப் படையெடுத்த அவ்வரசியின் கதையை ஏட்டிலேற்றிக் காத்தவர்கள் கிறித்தவத் துறவியரே என்பது நமக்கு இனிய செய்தி. ஆயினும் வரலாறு கதைக்கு உடன்படவில்லை. கதை குறிக்கும் காலத்துக்கு ஏறத்தாழ 3000 ஆண்டுகள் முன்பே குவை எழுந்துவிட்டது. உள்ளே துயில்வோரின் பெயர் எவருக்கும் தெரியாது.

இதுவரை எவரும் அதனை முறைப்படி அகழ்ந்ததில்லை. அறிவுக்கு அது இழப்பெனச் சிலர் கூறலாம். மூடியிருப்பதே நன்றென்று நமக்குத் தோன்றுகிறது. அடிவாரத்தில் கேரோமோர் என்னுமிடத்தில் இதே போன்ற பழங்கல்லறைகள் பல உள்ளன. எரியூட்டிய மனித எலும்புகள் அவற்றில் கிடைத்தன. கல்லுடைப்போர் கையில் அவற்றுள் பல அழிந்தன. எஞ்சியவற்றின் அருகே குப்பைக் கிடங்கு அமைக்க 1983-இல் மாவட்ட மன்றம் முனைந்தது. ஊரார் சிலர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1989-இல் அவர்கள் பக்கம் தீர்ந்தது. அங்கே கிடப்போர் தம் முன்னோர் என்று காட்ட அவர்களிடம் ஒரு சான்றும் இல்லை. வேற்றார் எலும்புக்காகவே நீதிமன்றப் படி ஏறினார்கள்.

நவம்பர் 2-இல் நாமும் கல்லறைத் தோட்டம் செல்கிறோம்; பெயர் பொறித்த சிலுவைகளைத் தேடி மெழுகுதிரி ஏற்றுகிறோம். பெயர் அழிந்த மேடுகளைக் கடந்து போகிறோம். திருச்சபையோ, இறைவன் ஒருவரே அறிந்த நம்பிக்கையுடன் இறந்தோரையும் நான்காம் நற்கருணை மன்றாட்டில் மறவாது நினைக்கிறது.

நாக்னரே குவை இன்று சட்டம் காக்கும் தேசிய நினைவுச் சின்னம். இன்றோ அன்புடன் வருவோராலேயே அதற்கு இடர். மலையேறும்போது ஒரு கல்லைக் கொண்டுசென்று குவையில் இடுவது பழைய வழக்கம். நினைவுக்கென்று ஒரு கல்லை எடுத்துச் செல்வோரும் உண்டு. ஏறுவோர் காலடியில் கற்கள் சரிகின்றன. ஆகவே, குவையின் மேல் ஏறாமல், கல் எதையும் அகற்றாமல், சுற்றி நடந்து பார்த்துத் திரும்புமாறு வருவோரைப் பொறுப்பாளர்கள் வேண்டுகின்றனர்.