தாது வருஷம் எழுதிய விதிகள்

1871-இல் எடுத்த குடிமதிப்பில் சேலம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருஷம் கழித்து 1881-இல் எண்ணியபோது 16 லட்சம் பேரே இருந்தார்கள். அன்றைய சேலம் மிகப் பெரியது. நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் அதற்குள்தான். அந்தப் பரப்பு முழுக்க ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். ஒரு பகுதியினர் கங்காணிகளின் பின்னால் இலங்கையின் கண்டிச்சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள். மற்றவர்கள் செத்துப்போனவர்கள். அந்தப் பத்து வருஷத்துக்கு நடுவில் வந்ததுதான் 1876-78 பஞ்சம். எங்கள் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள்.

பஞ்சம் வந்தால் அரசாங்கம் என்னென்ன செய்தாக வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் பஞ்ச விதித்தொகுப்பு 1883-இல் வந்தது. அது பிறந்ததற்கு மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. வறட்சியைப் பற்றி எதுவும் அறியாதவர்கள், அறிந்தும் மேலிடத்துக்குப் பணிந்தவர்கள், இந்த இரு தரப்பின் கையிலும் அதிகாரம் இருந்ததே பெரிய காரணம் என்பது என் முடிவு.

1876-இல் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அடுத்தடுத்துக் கைவிட்டன. சேலம், நாமக்கல் சமவெளி மானாவாரி பூமி. கம்பும் சோளமும் ஆரியமும் வானத்தை நம்பி விளைபவை. திருமணிமுத்தாறும் வசிஷ்ட நதியும் மழை இல்லாத வருஷத்தில் வெறும் மணல். அதே வருஷம் ஏப்ரலில்தான் லிட்டன் பிரபு வைஸ்ராயாக வந்து இறங்கியிருந்தார். அவர் போர்ச்சுகல் நாட்டில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். ஓவன் மெரிடித் என்ற பெயரில் கவிதை எழுதியவர். இந்தியாவில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. 1875-இல் சென்னை ஆளுநர் பதவி தேடி வந்தபோது உடல்நிலையைக் காட்டி மறுத்தார். மறுவருஷம், வேறு சிலர் வேண்டாமென்று சொன்ன பிறகு, பிரதமர் டிஸ்ரேலி அவருக்கு இந்தியா முழுவதையும் கொடுத்தார். டிஸ்ரேலி மனத்தில் இருந்தது ஆப்கான் எல்லையும் ருஷ்யாவும்தான். அந்த வேலைக்குத் தோதான, சொன்னபடி நடக்கும் ஆள் அவருக்குத் தேவைப்பட்டார். பஞ்சத்தைச் சமாளிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு அந்தத் தேர்வில் இடமே இருக்கவில்லை.

சென்னையில் ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. இங்கிலாந்தில் ஒரு பெரிய ரயில் கம்பெனிக்குத் தலைவராக இருந்து, பிறகு மந்திரியானவர். அவருக்கும் இந்தியா புதிது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்தார். 1876 கடைசியில் அவருடைய அரசாங்கம் அர்பத்நாட் கம்பெனி மூலம் 30,000 டன் தானியத்தை வெளியே தெரியாமல் வாங்கியது. கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் அரசாங்கம் அதைக் கண்டித்தது. வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது, விலை ஏறினால் தானியம் தானாக வந்து சேரும் என்பது லிட்டனின் உறுதியான கொள்கை.

தானியம் வராமல் இல்லை. சேலத்துக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் மூட்டை இறங்குவதற்கும் குடிசையில் உலை கொதிப்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருந்தது. நாமக்கல்லுக்கு ரயில் போனதே 2013-இல். அன்று சேலத்திலிருந்து தானியம் மாட்டுவண்டியில் போக வேண்டும். தீவனமில்லாமல் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. வண்டி வந்து சேர்ந்தாலும் வாங்கக் கையில் காசில்லை. நிலம் காய்ந்ததும் பண்ணைக் கூலி நின்றது. சோற்றுக்கே இல்லாத ஊரில் சேலை எடுப்பார் யார்? சேலத்து நெசவாளர் தறிகளும் ஓய்ந்தன.

இந்த நிலையில் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கும் விழா. சென்னை ஆளுநரும் தன் மாகாணத்தை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. தர்பார் முடிந்த கையோடு லிட்டன் செலவைக் குறைக்கச் சொல்லித் தெற்கே ஓர் ஆளை அனுப்பினார்: சர் ரிச்சர்ட் டெம்பிள்.

டெம்பிளை விவரம் தெரியாதவர் என்று தள்ள முடியாது. எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம். 1874-இல் பீகாரில் வறட்சி வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்துச் சாவைத் தடுத்தவர் அவர். அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரி இறைத்தார் என்ற பழி. மூன்று வருஷம் கழித்துச் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அந்தப் பழியைத் துடைப்பதே அவருக்கு முதல் வேலையாகிவிட்டது. மண் வெட்டவும் கல் உடைக்கவும் வந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் உப்பு, மிளகாய்க்குச் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். வேலைத்தளங்களிலிருந்து ஆட்களைக் கழிக்கவும் சொன்னார்.

அதை எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அவரைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்கள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. 1871 குடிமதிப்பு அறிக்கையை எழுதியவரே அவர்தான். எந்தத் தாலுகாவில் எத்தனை பேர், என்ன தொழில், எந்தச் சாதி என்று முழு மாகாணத்தையும் ஏட்டில் ஏற்றியவர். அந்த ஜனங்கள் எலும்பும் தோலுமாக ரோட்டு வேலைக்கு வந்து நின்றதை அவரே கண்ணால் பார்த்தார். சும்மா கிடப்பவன் உயிர் பிழைக்க ஓர் அளவு, உழைப்பவன் உடம்பு நிற்க வேறு அளவு. ஜெயில் கைதிக்கே இதைவிட அதிகம் போடுகிறோம். பருப்பு இல்லாமல் வெறும் தானியத்தில் ஆள் தேறமாட்டான் என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார். டெம்பிள் பதில் எழுதினார். கார்னிஷ் மறுபடி எழுதினார். மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி அந்த வாதத்தை ஊர் அறியச் செய்தார். 1878-இல் பஞ்சத்தின் முழு வரலாற்றையும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். டெம்பிள் அந்த அளவை வகுத்துச் சில மாதம் கழித்துச் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது. அந்தச் சில மாதங்களில் காலராவும் அம்மையும் பேதியும் யார் யாரைக் கொண்டுபோயின என்பதற்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது.

கஞ்சித்தொட்டிகள் பெருகியது 1877 நடுவில்தான். ஆகஸ்டில் பக்கிங்காம் லண்டன் மேயருக்கு வேண்டுகோள் விடுத்தார். வசூலான நிதியில் குடியானவர்கள் விதையும் உழவுமாடும் வாங்க உதவி கிடைத்தது. மாகாணத்தின் சில ஊர்களில் நெசவாளர்களை மண் சுமக்க அனுப்பாமல் நூல் கொடுத்துத் துணி நெய்ய வைத்தார்கள். நல்ல யோசனைகள் எல்லாமே காலம் கடந்துதான் வந்தன. செப்டம்பருக்குப் பிறகு மழையும் வந்தது. இளைத்த உடம்புகளைக் குளிர் காய்ச்சல் அள்ளிக்கொண்டு போனது. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் சாவு என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

இத்தனை சாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் 1878-இல் பஞ்சக் கமிஷன் அமைந்தது. தலைவர் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி. லிட்டனின் நிதி உறுப்பினராக இருந்து சிக்கனத்தை வற்புறுத்திய ஜான் ஸ்ட்ராச்சியின் கூடப்பிறந்தவர். தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்திலும் வேண்டியவரே உட்கார்ந்தார். இருந்தும், பஞ்சத்தில் குடிகளைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்று 1880 அறிக்கை எழுதியாக வேண்டியிருந்தது. 1883-இல் மாதிரி விதிகள் வந்தன. மாகாணங்கள் தங்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டன.

விதிகளைப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தாது வருஷம் தெரியும். தானிய விலை ஏறுகிறதா, களவு கூடுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டு அலைகிறார்களா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சோதனை வேலை தொடங்கிப் பார்க்க வேண்டும். உடல் நலம் கெடாத அளவுக்குக் கூலி. நடக்க முடியாதவர்களை ஊர் அதிகாரிகள் பட்டியல் எடுத்து வீட்டிலேயே உதவி. நெசவாளருக்கு அவர்கள் தொழிலிலேயே வேலை. நிலவரியை நிறுத்திவைப்பது. மாடு மேய்க்கக் காட்டைத் திறந்துவிடுவது. பஞ்சப் பாதுகாப்புக்கென்று ரயில் பாதைகளும் போட்டார்கள். அன்றைய சேலம் மாவட்டத்திலேயே இரண்டு சின்னப் பாதைகள் வந்தன: திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி 1905-இல், மொரப்பூர் - தருமபுரி 1906-இல். மொரப்பூர்ப் பாதையை 1941-இல் மூடினார்கள். 

எல்லாவற்றையும் எழுதியவர்கள் ஒன்றை மட்டும் ஆள்பவர் கையிலேயே விட்டுவிட்டார்கள். பஞ்சம் என்று அவர் அறிவித்தால்தான் விதிகளுக்கு உயிர். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்தபோதும் மாகாண அரசாங்கம் பஞ்சம் என்று அறிவிக்கவில்லை. விதித்தொகுப்பு அலமாரியிலேயே இருந்தது.

இந்த ஓட்டை சுதந்திரத்துக்குப் பிறகும் அடைபடவில்லை. அதிகாரம் யார் கையில் என்ற பழைய கேள்வியும் அப்படியே இருக்கிறது. சுனாமிக்குப் பின் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்தோம். தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர். மற்ற உறுப்பினர்கள் ஒன்பது பேர் வரை அவரே நியமிக்கலாம். ஆணையத்தை அமைக்கும் அந்தப் பிரிவில் உறுப்பினருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்லப்படவில்லை. அதே 2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது அந்நாட்டுப் பேரிடர் முகமையின் தலைவராக இருந்த மைக்கேல் பிரவுன், அரசுப் பணிக்கு முன் அரேபியக் குதிரைச் சங்கமொன்றில் நடுவர்களை மேற்பார்த்து வந்தவர். நியமனத்தில் தகுதியைக் கேட்காமல் விட்டால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

நம் பக்கத்தில் 2016-இல் வடகிழக்குப் பருவமழை பாதிகூடப் பெய்யவில்லை. அப்போதைய தமிழக முதல்வர் செப்டம்பர் 22 முதல் ஆஸ்பத்திரியில். டிசம்பர் 5-இல் காலமானார். அந்த மாதங்களில் கோட்டையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரி 10-இல் வந்தது. நிலவரித் தள்ளுபடியும் அதில் இருந்தது. அதற்குள் பயிர் காய்ந்து முடிந்திருந்தது. மழைமானி இத்தனை வாரம் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் யாருடைய கையெழுத்தும் இல்லாமலே வேலையும் தீவனமும் குடிநீரும் தொடங்கிவிட வேண்டும் என்று விதியைத் திருத்தி எழுத வேண்டும். கார்னிஷ் போல ஜனங்களை எண்ணத் தெரிந்த ஓர் ஆள் பேரிடர் ஆணையத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.