எலிக்கும் மூச்சிரைக்கும்! (செஞ்சி வளையிலிருந்து குன்னூர் கூண்டு வரை)

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்த்து மலைத்துவிட்டு, கல்யாண மஹால் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். அங்கேயே கொஞ்சம் தள்ளி நிற்கும் நெற்களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே நல்ல இருட்டு. 1690 முதல் 1698 வரை ராஜாராம் உள்ளேயும் முகலாயப் படை வெளியேயும் விட்டுவிட்டு மோதிக்கொண்ட காலத்தில், பீரங்கியைவிட இந்த மாதிரி கட்டடங்கள்தான் கோட்டையைக் காப்பாற்றியிருக்கும். நெல் தீர்ந்தால் கோட்டை தீர்ந்தது. 2025-ல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராத்தியர் ராணுவ அரண்களின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ராஜாக்கள் பெயரெல்லாம் பேப்பரில் வந்தது. களஞ்சியத்தில் ராஜாவுக்கு முன்பே சாப்பிட்டு முடித்தவரின் பெயர் வரவில்லை.

எலியைத்தான் சொல்கிறோம். :-)

எலி என்றால் நமக்குப் பொறி, விஷக் கேக், பிளேக். இதைத் தாண்டி நினைப்பு போகாது. வெளிநாட்டில் எலியை மடியில் வைத்து வளர்க்கிறார்கள், அதற்குச் சளி பிடித்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் எலியின் நுரையீரலைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட பாடத்தில் ஒரு முக்கியமான பக்கம் நம்ம குன்னூரில் எழுதப்பட்டது. அந்தக் கதைதான் இது.

அதற்கு முன்னால் செஞ்சிப் பக்கத்து வயலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து இருளர்களுக்கு வயல் எலி பிடிப்பது பரம்பரைத் தொழில். எலி பிடித்தால் கூலி; எலியும் உணவு; வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். பழைய முறையில் இதற்கு ஒரு மண்பானை போதும். பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, அதன் வாயை வளையின் வாயோடு பொருத்தி, அடியில் போட்ட ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகை வளைக்குள் போகும், எலி மூச்சு முட்டும். சிக்கல் என்னவென்றால், புகை ஒரே பக்கமாகப் போகாது. ஊதுகிறவர் மூச்சை இழுக்கும்போது பாதிப் புகை அவர் நெஞ்சுக்குள்ளும் இறங்கும். உதடு வேகும், கை சுடும், வருடக்கணக்கில் இருமல் நிற்காது. சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் கையால் சுற்றிப் புகையைத் தள்ளும் இரும்புக் கருவி ஒன்றைச் செய்து, 2003-ல் அதற்கு உலக வங்கியின் பரிசும் வாங்கியது. ஒரு கைப்பிடியும் விசிறியும் வர இத்தனை நூற்றாண்டு ஆனது! எலியையும் அதைப் பிடிக்கிற மனிதனையும் ஒரே புகை ஒரே இடத்தில்தான் அடித்தது: நுரையீரலில்.

சரி, குன்னூருக்குப் போவோம்.

ராபர்ட் மெக்கரிசன் 1878-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர். 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சித்ரால், கில்கிட் என்று மலைப்பகுதிகளில் வேலை பார்த்தார். கழுத்தில் வரும் கழலை நோயைப் பற்றி அங்கே ஆராய்ந்தார். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையை வாங்கிக்கொண்டு பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். ஒற்றை அறையாக இருந்தாலும் வேலை வேகமாக வளர்ந்தது. அப்போது வந்தது சிக்கன நடவடிக்கை. முதல் உலகப் போருக்குப் பின் அரசாங்கத்துக்குப் பணத் தட்டுப்பாடு; கப்பல் கம்பெனி முதலாளியான இஞ்ச்கேப் பிரபு தலைமையில் 1922-23-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். எங்கே எதை வெட்டலாம் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வெட்டப்பட்டவற்றில் இந்த ஆய்வும் ஒன்று. (காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்கள் கவனிக்க: இந்த வருடம் வருமானம் தராத செலவெல்லாம் வீண் செலவு என்று எழுதுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.) 1925-ல் மறுபடி உயிர் வந்தது. சில ஆண்டுகளில் அதுவே உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. மெக்கரிசன் முதல் இயக்குநர்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தவை வெள்ளை எலிகள். ஊர் எலியிலிருந்து பிறந்து, மனிதர் கையில் பழகிய ஜாதி. பிரிட்டனிலிருந்து 1920-களில் குன்னூருக்கு வந்தவை. இன்று வீட்டில் வளர்க்கிற எலிகளும் இவற்றுக்குச் சொந்தக்காரர்கள்தான், இனம் ஒன்றே. இவற்றில் ஒரு பகுதியை எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல் தனியாக வைத்திருந்தார். சோதனைக்கான குட்டிகள் இந்தக் கூட்டத்திலிருந்து வரும். வணிகவியல் பாஷையில் சொன்னால் இதுதான் ஓப்பனிங் ஸ்டாக். ஸ்டாக் கெட்டால் கணக்கே கெடும் என்பதால் அவற்றை ராஜ உபசாரத்தோடு வளர்த்தார். சப்பாத்தி, அதன்மேல் வெண்ணெய், முளைகட்டிய கொண்டைக்கடலை, பச்சைக் கேரட், முட்டைக்கோஸ், பால், வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் எலும்போடு இறைச்சி. தினமும் வெயில் படும். கூண்டு சுத்தமாக இருக்கும். பஞ்சாபில் சீக்கியர்கள் சாப்பிடும் உணவைப் பார்த்து அமைத்த பட்டியல் அது. இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தக் கூட்டத்தில் நோயே வரவில்லை, பெரிய எலிகளில் இயற்கைச் சாவே இல்லை என்று பின்னாளில் லண்டனில் ஆற்றிய உரைகளில் சொன்னார்.

இன்னொரு பக்கம், அரைகுறை உணவு கொடுத்த எலிகளை அறுத்துப் பார்த்தபோது கதை வேறு. மூக்கில் சீழ், சைனஸில் சீழ், காதில் சீழ், நிமோனியா, மூச்சுக்குழல் விரிந்து சீழ் கட்டிய நுரையீரல், நெஞ்சறையிலேயே சீழ். வயிற்று நோய்களும் இருந்தன. ஆனால் நுரையீரல் நோய்க்குத்தான் பெரிய பங்கு. ஒரு சோதனையில் இருபது எலிகளுக்கு இங்கிலாந்தின் ஏழை வீட்டுச் சாப்பாட்டைக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை அதிகமாகப் போட்ட டீ, வேகவைத்த காய், டின் இறைச்சி. சோதனை நடந்தது 187 நாட்கள். எலி வயதில் அது மனிதனுக்குப் பதினாறு வருடம் மாதிரி. அந்த எலிகள் வளரவில்லை, ஆட்களைக் கடித்தன, அறுபதாம் நாள் வாக்கில் பலவீனமானவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்தன. அவற்றிலும் நுரையீரல் நோய் தலைகாட்டியது. பக்கத்துக் கூண்டில் நல்ல உணவு தின்ற இருபது எலிகளிடம் இந்தத் தொல்லை இல்லை.

நமக்கு உறைக்கிற சோதனை இன்னொன்று. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவு முதலிடம், பிறகு பட்டாணியர், மராத்தியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி. கடைசி யார்? மதராஸி! சீக்கிய உணவு தின்ற எலி சராசரியாக 235 கிராம், மதராஸி உணவு தின்றது 155 கிராம்.

இதைப் படித்துவிட்டு "அரிசி தின்கிற இனம் சோப்ளாங்கி" என்று பேசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அது தப்பு. அந்த மதராஸி உணவு என்பது மில்லில் தீட்டி, கழுவிச் சத்தெல்லாம் போன அரிசியை நம்பிய உணவு; பாலும் காய்கறியும் அதில் மிகக் குறைவு. செஞ்சி மாதிரி மானாவாரி மண்ணில் அன்று உழைத்தவர்கள் தின்றது கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும். அவை அந்தத் தட்டில் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிபெரி அன்று மாகாணம் முழுக்கப் பரவியிருக்கவில்லை. பச்சரிசியைத் தீட்டித் தின்ற வட சர்க்கார் மாவட்டங்களில்தான் (இன்றைய கடலோர ஆந்திரா) அதிகம். புழுங்கலரிசி தின்ற தமிழ்ப் பகுதி பெரும்பாலும் தப்பித்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதைக் காட்டியதும் மெக்கரிசனும் அவருக்குப் பின் குன்னூரில் இயக்குநரான ஐக்ராய்டும்தான். ஆகவே எலியின் எடை காட்டியது ஜாதியின் தரத்தை அல்ல, தட்டின் தரத்தை. தட்டின் தரத்தைத் தீர்மானித்தது மில்லும் வறுமையும்.

மெக்கரிசன் உணவையே முழுக் காரணமாக நினைத்தாரா? கிருமி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நிலம் கெட்டால்தான் விதை முளைக்கும் என்ற கட்சி அவர். அந்த விதை என்ன என்பது வேறு இடத்தில் தெரிந்தது. எம்மி க்ளீனபர்கர் என்ற யூதப் பெண் விஞ்ஞானி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு லண்டன் லிஸ்டர் நிலையத்துக்கு வந்தார். அங்கே 1937-ல் நோயுற்ற எலிகளின் நுரையீரலில் ஒரு விநோதமான நுண்ணுயிரைக் கண்டார். இன்று அதன் பெயர் மைக்கோப்ளாஸ்மா புல்மோனிஸ். பாக்டீரியா குடும்பம்தான், ஆனால் செல்லுக்குச் சுவர் கிடையாது. அதனால் சுவரைத் தாக்கும் பென்சிலின் இதனிடம் பலிக்காது. தாய் எலியிடமிருந்து குட்டிக்குப் பிறந்த சில நாட்களிலேயே தொற்றிவிடும், பிறகு ஆயுள் முழுக்கப் போகாது. 1950-களில் ஆய்வுக்கூடங்கள் இதை ஒழிக்க என்ன செய்தன தெரியுமா? தாயின் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுத்து, கிருமியில்லாத இடத்தில் தனியே வளர்த்தன. எலிக்கு சிசேரியன்!

வீட்டு எலிகளுக்கு அந்த வசதி இல்லை. சாதாரணமாக வளர்க்கப்படும் எலிகளில் பெரும்பாலானவை இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. குன்னூர் எலிகள் மட்டும் விதிவிலக்காக இருந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். அப்படியானால் அந்த ஸ்டாக் கூட்டம் ஏன் இருமவில்லை? வைட்டமின் ஏ ஒரு காரணம். அது குறைந்தால் மூச்சுக்குழலின் ஈரமான உள்சுவர் காய்ந்து தோல் மாதிரி தடித்துவிடும், சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் போய்விடும். இதை 1925-லேயே அமெரிக்காவில் எலிகளில் காட்டிவிட்டார்கள். வெண்ணெய், பால், கேரட் மூன்றிலும் வைட்டமின் ஏ அல்லது அதற்கான மூலப்பொருள் உண்டு. அடுத்த காரணம் கூண்டு. எலி மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாடை, அளவு கூடக்கூட மைக்கோப்ளாஸ்மா நோயை முற்றவைக்கிறது என்று 1976-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. மெக்கரிசனின் ஆட்கள் தினசரி கூண்டைத் துடைத்தது சுத்தத்துக்காக மட்டும் என்று நினைத்திருக்கலாம். துடைத்தது எலியின் நுரையீரலையும்தான்.

இன்று எலி வளர்ப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டால் குன்னூர் ஞாபகம் வரும். நாலு பக்கமும் கண்ணாடி போட்ட தொட்டி வேண்டாம், காற்றோடும் கம்பிக் கூண்டு வேண்டும். தூசு பறக்கும் மரத்தூளும், வாசனை அடிக்கும் பைன், சீடர் மரச் சீவலும் கூடாது. காகிதம் அல்லது துணி போடலாம். எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி என்பதால் மூக்கடைப்பே அதற்குப் பெரிய ஆபத்து. மூக்கோரம் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம், கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் சாயம் அது. ஆனால் உடம்பு சரியில்லை என்பதற்கு அடையாளம். தும்மல் நாள் கணக்கில் தொடர்ந்தாலோ, மூச்சில் கரகரப்பு கேட்டாலோ, விலா ஒட்டி ஒட்டி மூச்சு வாங்கினாலோ தாமதிக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகளை எடைக்கேற்ப மருத்துவர் தருவார். மருந்து கிருமியை அடக்கும், ஒழிக்காது. இரண்டு மூன்று வருட ஆயுளில் நோய் வந்து வந்து போகும்.

மெக்கரிசன் 1935-ல் ஓய்வு பெற்றார், 1960-ல் காலமானார். அவர் தொடங்கிய நிலையம் 1958-ல் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு மாறியது. 1969 முதல் அதற்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். கோப்புகளோடு எலிகளும் போயின. குன்னூர் எலிகளின் வாரிசுகள் அங்கே தனி ஜாதியாகவே பெயர் பெற்றுத் தொடர்கின்றன. 1996-ல் அந்தக் கூட்டத்திலிருந்து தானாகவே மிகக் குண்டான ஓர் எலி வகை தோன்றியது. உடல்பருமனையும் சர்க்கரை நோயையும் ஆராய இப்போது அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தாத்தா எலிகளுக்குச் சோறு போதாமல் நோய், பேரன் எலிகளுக்கு உடம்பு பெருத்து நோய்.