புண்ணோனும் மனையும்: காஞ்சித்திணை முதல் வன்னிக்காடு வரை

பெங்களூர் என்னும் பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று ஒரு போர்ச்சாவின் பதிவாகும். நகரின் தென்பகுதியில் உள்ள பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்துக் கன்னடக் கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்தது. அது 'பெங்களூர்ப் போரில்' மடிந்த ஒருவனைக் குறிப்பிடுகின்றது. அப்போரினின்று உயிரோடு மீண்டவர்களைப் பற்றி அக்கல் பேசவில்லை. பேச வேண்டிய கடப்பாடும் அதற்கில்லை. நடுகல் இறந்தோர்க்கு உரியது. மீண்டவனின் வரலாற்றைத் தேட வேண்டிய இடம் மனையே. தமிழ்ப் பொருளிலக்கணம் அம்மனைக்கெனத் துறையும் வகுத்துள்ளது.

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் புண்ணோன் பற்றிய மூன்று துறைகளைச் சுட்டுகின்றது. புண்பட்டவன் தன் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு இறத்தல் ஒன்று. காக்கும் சுற்றம் இல்லாதவனைப் பேயே ஓம்பி நிற்றல் மற்றொன்று. மனைவி அருகிருந்து, பேய் அவனை நெருங்காதவாறு விலக்கும் தொடாக்காஞ்சி மூன்றாவது. இவற்றை உடற்புண்ணுக்கு மட்டுமே உரியனவாகக் கொள்வது வழக்கு. எனினும் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளலும், சுற்றம் அற்ற இடத்தில் பேய் வந்து சேர்தலும் உடலைப் பற்றிய செய்திகள் மட்டுமல்ல. பேயைப் பழங்கால நம்பிக்கை எனத் தள்ளிவிடும் உரைப்போக்கு இவ்விடத்தில் பொருளை இழந்துவிடுகின்றது. சுற்றம் இருந்தால் பேய் விலகும், இல்லையேல் பேயே துணை என்னும் அமைப்பே இங்கு கருதத்தக்கது.

அரிசில்கிழாரின் புறநானூற்றுப் பாடல் (281) தொடாக்காஞ்சியின் பொருளுக்கு மிக நெருங்கியது. இரவ மரத்தின் தழையும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மை இழுகப்படுகின்றது, வெண்கடுகு தூவப்படுகின்றது, குழல் ஊதப்படுகின்றது, மணி அடிக்கப்படுகின்றது, காஞ்சிப்பண் பாடப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது. இத்தனைக்கும் நடுவே மனைவி தோழியை அழைக்கின்றாள். அவள் தனியே காக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. மற்றொரு பாடல் (296) ஊரின் எல்லா மனைகளிலும் இவ்வாரவாரமே எழுவதைக் காட்டுகின்றது.

முல்லைப்பாட்டு இதன் மறுபக்கம். காட்டாற்றை அடுத்த முல்லை நிலத்தில் பிடவம் முதலிய புதர்களை வெட்டியழித்து, முள்வேலியிட்டுப் பாசறை அமைக்கப்படுகின்றது. அங்கே அரசன் உறங்கவில்லை. போர் வேட்கையே காரணம் என்று நப்பூதனார் கூறினும், அரசன் மனக்கண்ணில் தொடர்ந்து வருவன வேறு: துதிக்கை துணிந்த யானைகள், செஞ்சோற்றுக்கடன் தீர்த்து மாண்ட வீரர்கள், அம்பு தைத்த வலியால் செவி சாய்த்து உணவு கொள்ளாத குதிரைகள். புலவர் கூறும் காரணத்தைவிட அவர் காட்டும் காட்சியே வலிமையுடையது. தொலைவில் மனையிலும் உறக்கமில்லை. ஒரே போர் இரண்டு படுக்கைகளிலும் உறக்கத்தைக் கெடுக்கின்றது.

1809இல் பெங்களூரில் படைக்குடியிருப்பு தோன்றியபின் தமிழர் பெருமளவில் அங்குக் குடியேறினர். 1780இல் தோன்றி, பின்னர் அல்சூர்ப் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர் 'தம்பிகள்' என்றே அழைக்கப்பட்டனர். உறவுப்பெயர் படைப்பெயரானது வியப்பிற்குரியது. வெடிவைத்தலும் கண்ணிவெடி அகற்றலும் இவர்தம் தொழில். முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இங்குதான் உருவாயிற்று. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மீது வீழ்ந்து தோழர்களைக் காத்து மாண்ட சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் ஆவார். அவர் பெயர் நிலைத்தது. அவரால் உயிர் பிழைத்து ஊர் மீண்டவர்களின் பெயரை எந்தப் பதக்கமும் சொல்லவில்லை.

'ஷெல் ஷாக்' என்னும் சொல் 1915இல் மருத்துவ இதழில் இடம்பெற்றது. போர்ப்பின் மன உளைச்சல் தனி நோயாக வகைப்படுத்தப்பட்டது 1980இல்தான். பெங்களூரின் பழைய மனநோயர் காப்பகம் 1925இல் மனநல மருத்துவமனை எனப் பெயர் மாறியது. 1954இல் அகில இந்திய நிறுவனமும், 1974இல் நிம்ஹான்ஸும் அதன் வழி அமைந்தன. காப்பகம் என்பது நோயாளியைச் சுற்றத்தினின்று பிரிக்கும் ஏற்பாடு. அதனை மாற்ற முனைந்தவர்களுள் அமிர்தசரஸ் மருத்துவர் வித்யாசாகர் 1950களில் குடும்பத்தாரையும் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்துடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. நிம்ஹான்ஸில் குடும்ப உளமருத்துவம் தனிப்பிரிவாகவே வளர்ந்தது. மேலைநாட்டு மருத்துவமனை முறைக்கு இது புதுமை. காஞ்சித்திணையைக் கற்றவர்க்கு அவ்வளவு புதுமையன்று.

காடும் மனையும் ஒன்றாகவே அமைந்த இடம் ஈழத்து வன்னி. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டுப் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பிய ஊர்கள் காடு மண்டியும் கண்ணிவெடி அகற்றப்பட வேண்டியனவாகவும் இருந்தன. யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்னும் தமிழ்நூலையும், 1998இல் ஆங்கில நூலொன்றையும் வெளியிட்டார். 2010இல் வன்னி பற்றி எழுதியபோது, போரின் ஊறு தனியாளோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சிதைக்கின்றது என்பதைக் 'கூட்டு மனவடு' என்னும் கருத்தால் விளக்கினார். காக்கும் சுற்றமே புண்பட்டுக் கிடக்கும்போது எவர் எவரைக் காப்பது என்னும் இடர் இதனால் எழுகின்றது. தொல்காப்பியத் துறைகள் இந்நிலையை எதிர்பார்க்கவில்லை. புண்ணோன் ஒருவன், மனை முழுமையானது என்பதே அவற்றின் அடிப்படை.

மற்றொரு மாற்றமும் உண்டு. தொடாக்காஞ்சியில் புண்பட்டவன் ஆண், காப்பவள் பெண். வன்னியிலோ களத்தினின்று மீண்டவர்களுள் பெண்களும் திரளாக இருந்தனர். விடுதலைப்புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் தன்வரலாறு 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் 2015இல் மறைந்தபின், 2016இல் நூலாயிற்று. வேம்பு செருகிய மனையில் இம்முறை படுத்திருப்பவள் பெண். வாயிலில் நின்று காக்கும் ஆணுக்குத் தமிழ்ப் புறத்திணை இன்னும் துறை வகுக்கவில்லை.