ஐந்தே நிமிடத்தில் டாக்கர்

கான்ஃபரன்ஸ் போனால் லைட்னிங் டாக் நேரத்தில் டீ குடிக்கக் கிளம்புகிற ஆள் நான். அதை மாற்றியது ஒரு பழைய வீடியோ.

2013 மார்ச், கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் பைகான். டாட்கிளவுட் கம்பெனியின் சாலமன் ஹைக்ஸ் மேடைக்கு வருகிறார். கையில் இருப்பது ஐந்தே நிமிடம். டெர்மினலில் ஒரு கமாண்ட் அடிக்கிறார். ஒரு கண்டெய்னர் எழுந்து 'ஹலோ வேர்ல்ட்' என்று சொல்லிட்டு அடங்கிவிடுகிறது. டாக்கரை வெளியுலகம் பார்த்தது அப்படித்தான்.

வேடிக்கை என்னன்னா, கண்டெய்னர் அன்றைக்கே பழைய சரக்கு. ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜெயில்' 2000லேயே வந்தாச்சு, லினக்ஸில் எல்எக்ஸ்சி 2008ல். ஆனால் அதையெல்லாம் அமைக்க கெர்னல் சமாச்சாரம் கொஞ்சமாவது தெரியணும். அப்ளிகேஷன் எழுதுகிற நாம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். ஹைக்ஸ் அதை ஒரே வரியில் முடித்துக் காட்டினார். 'என் மெஷினில் ஓடுதே' என்று டீமுக்குள் சண்டை போட்டவர்களுக்கு வேறென்ன வேணும்? அந்த மாதமே ஓப்பன் சோர்ஸ் ஆனது. அக்டோபரில் கம்பெனி பெயரையே டாக்கர் என்று மாற்றிக்கொண்டார்கள்.

போன மாசம் ஒரு மீட்டப்பில் கல்லூரி மாணவி ஒருத்தர் ஐந்து நிமிடம் பேசினார். பாதி எனக்குப் புரியலை. டீ ஆறிப்போச்சு, நான் எழுந்திருக்கலை.