குரங்கணித் தீயும் அதிர்ச்சி நிலையும்

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலை ஒரு சுவராக எழுந்து நிற்கும். அதற்கப்பால் ஏலத்தோட்டங்கள். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் அதிகாலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் தொழிலாளர்களை இவ்வட்டாரத்தார் அறிவர். அங்கே ஒருவருக்குக் கேடு நேர்ந்தால், அவரைக் கீழே கொண்டு சேர்க்கும்வரை கழியும் நேரமே பல வேளைகளில் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்நேரத்தில் உடலுக்குள் நிகழ்வதற்கு மருத்துவர் இட்ட பெயர் 'அதிர்ச்சி நிலை'.

இச்சொல் நம்மைச் சற்று ஏமாற்றும். அதிர்ச்சி என்றதும் துயரச் செய்தி கேட்டுத் திகைத்து நிற்பதையே எண்ணுகிறோம். மருத்துவத்தில் அதன் பொருள் வேறு: உறுப்புகளுக்குத் தேவையான குருதியும் உயிர்வளியும் சென்று சேராமையே அது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெ த்ரான் 1737இல் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி எழுதிய நூல் 1743இல் ஆங்கிலமானபோது, 'ஷாக்' என்னும் சொல் மருத்துவ ஏடுகளில் நுழைந்தது. குண்டு தாக்கியதால் உடல் குலுங்கியது என்ற அளவிலேயே அன்று அதை விளங்கிக்கொண்டார்கள்.

உண்மைக் காரணத்தை நெருங்க உதவியது வங்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய காலரா. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், நாடி அடங்கிக் கிடந்த மூதாட்டி ஒருவரின் நாளத்தில் உப்பு நீரைச் செலுத்தினார். ஏறத்தாழ மூன்று லிட்டர் உள்ளே சென்றதும் குழிந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பியது. அவரை மற்றொருவர் பொறுப்பில் விட்டு லாட்டா அகன்றார். வயிற்றுப்போக்கு மீண்டும் தொடங்கியது. மறுபடி நீர் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார். மருந்து சரியாகவே இருந்தது. தொடர்ந்து கவனிக்கும் கண்கள்தாம் அங்கே இல்லை. செவிலியர் பணி எதற்காக என்று கேட்போருக்கு நான் இந்நிகழ்ச்சியையே சொல்வேன்.

இன்று வழங்கும் நால்வகைப் பகுப்பு, ஹின்ஷா, காக்ஸ் என்னும் இருவர் 1972இல் வகுத்தது. நம் மலைச்சரிவிலேயே நான்கையும் காணலாம். ஜீப் கவிழ்ந்து குருதி வடிவதும், பேறுகாலப் பெருக்கும் நீர்மக் குறைவால் வருவன. மாரடைப்பில் இறைக்கும் இதயமே தளர்கிறது. செந்தேளின் நஞ்சும் இதயத்தையே தாக்கும். (மகாராட்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் இம்மத்ராவ் பவாஸ்கர், 1980களில் பிரசோசின் மாத்திரையால் தேள்கடி இறப்புகளைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்.) ஏலப்பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் அதே தேனீ கொட்டி, ஒவ்வாமையால் நாளங்கள் விரிந்து அழுத்தம் சரிவதும், கிருமி குருதியில் பரவிச் சரிவதும் மூன்றாம் வகை. விலா எலும்பு நுரையீரலைக் குத்தி, வெளியேற வழியின்றிச் சேர்ந்த காற்று இதயத்தை நெருக்குவது நான்காம் வகை.

நான்கிலும் அழுத்தம் விழும், மனம் குழம்பும். ஆயினும் முதல் வகையில் உயிர் காக்கும் நீர்மமே, தளர்ந்த இதயத்திற்கு மிகுதியாகச் சென்றால் நுரையீரலை நிரப்பிவிடும். பெரும்பாலும் தோல் குளிர்ந்திருக்கும். கிருமியால் வந்ததில் முதலில் வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். ஆகவே தொட்டுப் பார்க்கும் கை பிழைபடலாகாது.

2018 மார்ச் 11, ஞாயிறு. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், கொழுக்குமலை சென்று திரும்பிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. முதலில் மேலே ஓடியவர்கள் சுற்றுவட்டார மக்களே. வண்டி செல்லாத சரிவிலிருந்து காயமுற்றோரை இரவெல்லாம் சுமந்து இறக்கினர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. போடி, தேனி, மதுரை அரசு மருத்துவமனைகள் அவர்களை ஏற்றன.

தீக்காயம் தோலோடு நிற்பதன்று. 1921இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத் திரையரங்குத் தீயில் காயமுற்றோரை ஆராய்ந்த அண்டர்ஹில், கொப்புளத்தில் கோத்த நீர் குருதியின் நீர்ப்பகுதியை ஒத்தது என்று கண்டார். பெருந்தீக்காயத்தில் நாளங்கள் கசிந்து, குருதியின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். 1968இல் டல்லஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் பாக்ஸ்டர் இதற்கொரு கணக்குத் தந்தார்: உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு, வெந்த ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் 4 மில்லி லிட்டர். 50 கிலோ எடையுள்ளவருக்கு உடலில் பாதி வெந்திருந்தால் ஒரு நாளில் 10 லிட்டர். அதாவது அரை லிட்டர் புட்டிகள் இருபது. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். (இந்நாளில் இதைக் குறைத்துத் தொடங்குவோரும் உண்டு.)

அந்த 8 மணி நேரம் மருத்துவமனை வாயிலில் தொடங்குவதில்லை; தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது. மலையில் நான்கு மணி நேரம் போய்விட்டால் பத்துப் புட்டிகளையும் எஞ்சிய நான்கு மணிக்குள் செலுத்த வேண்டும். வெந்த கையில் நாளம் தேட வேண்டும். சிறுநீர் மணிக்கு 25 மில்லி லிட்டராவது வருகிறதா என்று அளந்து எழுத வேண்டும். குறைந்தால் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும், மிகுந்தால் தணிக்க வேண்டும். இத்தகைய நோயாளர் முதல் நாள் தெளிவாகப் பேசுவதுண்டு. உறவினர் பிழைத்துவிட்டார் என்றே நம்புவர். அளவுக் குடுவையில் கோடு இறங்குவதைக் கண்ட செவிலியர் மட்டும் அவ்வாறு நம்ப முடிவதில்லை.

குரங்கணியில் ஒன்பது பேர் மலையிலேயே இறந்தனர். ஏனையோரில் சிலர் முதல் நாள்களைக் கடந்தபின், வாரக்கணக்கில் போராடி மாண்டனர். மொத்தம் 23 பேர்.