இரண்டரை அங்குலம்

தீயணைப்புப் பயிற்சியில் முதல் சில நாட்கள் நெருப்பைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். ஒரு சுருள் குழாயைத் தந்து, உருட்டு, ஓடு, பூட்டு என்று விரட்டுவார்கள். குழாயின் இரு நுனியிலும் உலோகப் பூட்டு இருக்கும். ‘கப்ளிங்’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். ஆண் நுனி பம்பியின் பக்கம், பெண் நுனி தீயின் பக்கம். பதற்றத்தில் மாறி விரித்துவிட்டால் ஓடிய ஓட்டம் வீண். முன்னால் நிற்பவருக்குப் பீச்சுகுழலைச் செருக இடமிருக்காது. சரியாகச் செருகினால் ‘டக்’ என்று கேட்கும். புகைக்குள் அந்தச் சத்தத்தையும், ஒருமுறை இழுத்துப் பார்க்கும் கையையும்தான் நம்பவேண்டும். பிரித்தானிய முறை பரவிய நாடுகளில், இலங்கையிலும் இந்தியாவிலும்கூட, இந்தப் பூட்டின் அளவு இரண்டரை அங்குலம்.

இந்தக் குழாயைப் பெற்றெடுத்தவர் ஓர் ஓவியர். அம்ஸ்ரர்டாம் தெருக்களைச் செங்கல் செங்கலாக வரைந்த யான் வன் டெர் ஹெய்டன், 1672 அளவில் தம் சகோதரரோடு சேர்ந்து தோலைத் தைத்துக் குழாயாக்கி, பித்தளைப் பூட்டுகளால் ஒன்றோடொன்று இணைத்தார். அதுவரை இயந்திரத்தைத் தெருவில் நிறுத்தி வீட்டின் முகப்பைத்தான் நனைக்க முடிந்தது. குழாய் வந்தபின் தண்ணீர் படியேறி உள்ளே போனது. ஒரு துண்டு ஐம்பதடி என்ற அவருடைய கணக்கு, பதினைந்து மீற்றர் என்ற பெயரில் இன்றும் நடமாடுகிறது.

குழாய்க்கு ஆள் பழக்கியவர் ஜேம்ஸ் பிறெய்ட்வுட். 1824இல் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படையைக் கட்டியபோது அவர் தேடிப் பிடித்தவர்கள் தச்சர்கள், கொத்தர்கள், கூரை வேய்பவர்கள், கொல்லர்கள். எரிகிற வீட்டில் எந்தச் சுவர் நிற்கும், எது விழும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். மிச்சத்தை விடியற்காலைப் பயிற்சியில் பழக்கினார். பிறகு லண்டனுக்குப் போனவர், 1861இல் டூலி வீதித் தீயில் சுவரொன்று சரிந்து மாண்டார். அவருடைய ஆட்சேர்ப்பு முறையைத்தான் பிற்காலப் பாடத்திட்டங்கள் கொஞ்சம் மறந்துவிட்டன என்று எனக்குப் படுகிறது.

ஊருக்கு ஊர் பூட்டு வேறாக இருந்ததன் விலை 1904 பெப்ரவரியில் தெரிந்தது. அமெரிக்காவின் பால்ற்றிமோர் எரிந்தபோது அயல் நகரங்களிலிருந்து வண்டிகள் ரயிலேறி வந்தன. அவர்களுடைய குழாய் அந்நகரத்தின் தெருவோர நீர்க்குமிழ்களில் (ஹைட்ரன்ற்) பொருந்தவில்லை. ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் போயின. பிரித்தானியாவுக்கு அதே பாடத்தை ஜெர்மன் குண்டுகள் நடத்தின. 1941 ஓகஸ்ட்டில் 1,600க்கும் மேற்பட்ட உள்ளூர்ப் படைகள் ஒரே தேசிய சேவையாக்கப்பட்டன. செருகிப் பூட்டும் இரண்டரை அங்குலக் கப்ளிங் நாடு முழுவதற்கும் பொதுவானது.

பூட்டுக்கு அளவு வந்ததுபோல் ஆளுக்கும் அளவு வந்தது. சான்றிதழ் என்பது அதுதான்: முன்பின் தெரியாத இருவர் ஒரே குழாயைப் பிடித்தால் ஒருவர் கையை மற்றவர் நம்பலாம் என்பதற்கான அத்தாட்சி. தீயணைப்புப் பொறியியலாளர் நிறுவனம் 1918இல் பிரித்தானியாவில் தொடங்கியது. அதன் பரீட்சைகளைப் பல நாட்டு அதிகாரிகள் எழுதுகிறார்கள். இந்தியா 1956இல் ராம்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரியைத் திறந்து, அடுத்த ஆண்டே நாக்பூருக்கு மாற்றியது. அமெரிக்கா 1974இல் தீயணைப்பாளருக்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று தனியாக ஒரு தரநூலே வகுத்தது.

எங்கள் பக்கம் இந்தக் குழாய் வந்தது மிகப் பிந்தி. இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் தலையில்தான். காசுள்ள சபைக்கு வாகனம், மற்றதற்கு வாளி. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை இரவோடிரவாக எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கென ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. உதவி யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக வரவேண்டியிருந்தது. அதன் பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் ஒரு பிரிவு உருவானது.

கிளிநொச்சி மாவட்டத்தின் தருமபுரம் என்ற ஊரும் அந்தச் சபையின் எல்லைக்குள்தான். ஆனால் வாகனம் கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்கு வந்து, முல்லைத்தீவு வீதியில் கிழக்கே திரும்பி ஓடிவரவேண்டும். வந்து சேர்ந்தாலும் தாங்கியில் இருப்பதே தண்ணீர். 4,500 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 450 லீற்றர் பீச்சினால் பத்து நிமிடத்தில் காலி. நகரத்துப் பாடத்தில் அடுத்த வரி ‘நீர்க்குமிழில் பூட்டு’. இங்கே அடுத்த வரி கிணறு, வாய்க்கால், அல்லது கல்மடுக்குளம்.

திறந்த நீரை உறிஞ்சுவது தனிப் பாடம். உறிஞ்சுகுழாய் சுருட்ட முடியாத தடித்த குழாய்; அதன் பூட்டு செருகுவதல்ல, மரை சுற்றி இறுக்குவது. எங்காவது ஒரு மயிரிழை காற்றுப் புகுந்தாலும் தண்ணீர் ஏறாது. எவ்வளவு பெரிய பம்பியானாலும் ஏழெட்டு மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்ச முடியாது, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். பயிற்சிக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

தருமபுரத்தில் இதற்குத் தடுமாற ஆளில்லை. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்கிற எந்தக் கமக்காரரைக் கேட்டாலும் சொல்வார்: ‘காத்து இழுக்குது தம்பி, வாசரைப் பார்.’ குழாய் நுனியிலுள்ள புட்வால்வைக் குலுக்கி, வாளியால் தண்ணி ஊத்தி, இறைக்கிற மெசினை இழுத்து விடுவார். கிணற்று மட்டம் பங்குனியில் எவ்வளவு, ஆடியில் எவ்வளவு என்று மனப்பாடம். பிறெய்ட்வுட் இங்கே ஆள் எடுத்திருந்தால் இவர்களைத்தான் எடுத்திருப்பார்.

ஒரு சிக்கல், அவர்களுடைய மெசின் ‘ரெண்டு இஞ்சி’. இரண்டரை அங்குலக் கப்ளிங்கில் அது சேராது. ஆனால் தாங்கியை நிரப்பக் கப்ளிங்கே வேண்டியதில்லை. மேல்மூடியைத் திறந்து ஓஸை உள்ளே விட்டால் போதும். நல்ல நிலையிலுள்ள இரண்டங்குல மெசின் இரண்டு, ஒரு பீச்சுகுழலுக்கு ஈடுகொடுக்கும். ஆகவே இந்தப் பக்கத்துக்கு வரும் தீயணைப்பாளரின் பயிற்சியில் நான் சேர்க்கச் சொல்வது ஒரு பட்டியல்தான்: வாகனம் கிட்டப் போகக்கூடிய கிணறு எது, ஆடியிலும் அதில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும், மெசின் யார் வீட்டில், நடுச்சாமத்தில் யாரைத் தட்டி எழுப்புவது.